ஓட்டுநர் பக்கக் கதவு

அன்று இருந்தவர்கள்: நான். என் அப்பா. காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை என் அக்கா. எதிர் வீட்டு வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையற்காரம்மா. முன்வாசல் கூரைக்கு அடியில், நிழலில், கறுப்பு வண்டி.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். வண்டியை அதில் ஏன் சேர்த்தான் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதை விட்டுவிட்டு எழுதினால் நான் ஏதோ வெறிபிடித்தவன் மாதிரித் தெரியும். நான் அப்படிப்பட்டவன் இல்லை, ஐயா. கடையில் கேட்டுப் பாருங்கள். என்னைப் போல நிதானமாக வேலை செய்கிற ஆள் அங்கே இல்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கறுப்பு நிறத்தில் மட்டும் கார் வாங்காதீர்கள். வெள்ளை வண்டியில் ஒரு வாரத் தூசி தெரியாது. கறுப்பில் ஒரு மணி நேரத் தூசி தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தூசியை யார், எப்படித் துடைத்தார்கள் என்பதும் தெரியும். அதுதான் கஷ்டம்.

நான் எதையும் முடித்தவன் இல்லை. படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டேன். பிறகு ஆறு வருடம் பார்சல் கிடங்கில் இரவுப் பணி. பகலில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன், காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் காலை கிடங்கு வாசலில் அடையாள அட்டையைக் கழற்றிக் காவலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அந்த வேலையும் பாதியில் நின்றது. அதன் பிறகுதான் கார் கழுவிப் பளபளப்பு ஏற்றும் கடையில் சேர்ந்தேன்.

முதல் நாளே முதலாளி இரண்டு வாளிகளை என் முன்னால் வைத்தார். ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைக் கழுவ வேண்டும். மறுபடி ஷாம்பூவில் முக்குவதற்கு முன் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை இறக்கிவிட வேண்டும். ஒரே வாளியில் கழுவினால் எடுத்த மண்ணையே திரும்பத் தேய்க்கிறோம். கழுவியதும் தடித்த மெத்துத் துணியை மேலே விரித்து ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது.

"காஞ்ச துணியோட எவனாச்சும் வண்டி பக்கத்துல நின்னான்னு வையி, கைய ஒடிச்சு அவன் கையிலயே குடுத்துருவேன்" என்றார் முதலாளி.

காரணம் உண்டு. காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லியது. உலர்ந்த துணியால் துடைத்தால் துணிக்கும் வார்னிஷுக்கும் நடுவில் மாட்டிய தூசி அதைக் கீறும். ஒரு கீறல் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் சேர்ந்தால், வெயில் படும்போது சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும். அதை எடுக்க ஒரே வழி, பாலிஷ் போட்டுக் கீறல் இருக்கும் ஆழம் வரை வார்னிஷையே சீவி எடுப்பது. சீவியது திரும்ப வராது. எத்தனை முறை பாலிஷ் போடலாம் என்பதற்கு ஒரு முடிவு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

என் வண்டி பதினொரு வருடம் பழையது. கடைக்கு வரும் ஒரு பல் மருத்துவர் கைகழுவிவிட்டது. வந்தபோது பாதிக் கறுப்பு, பாதிச் சாம்பல். கூரையில் பறவை எச்சம் அரித்த பள்ளங்கள். கதவுகளில் சாவியால் கிழித்த கோடுகள். கடையிலேயே நிறுத்தி இரண்டு வருடம் அதன்மேல் வேலை செய்தேன். ஒரு சாண், ஒரு சாணாக. கடைசியில் அதன் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. மிச்சம் ஒன்றுதான். கண்ணாடிப் பூச்சு என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. அதைப் பூசி இறுகவிட்டால் பல வருடங்களுக்கு வர்ணத்துக்குக் காவல். அதைப் பூசிவிட்டால் நான் ஆரம்பித்து முடித்த முதல் காரியம் அதுவாக இருந்திருக்கும்.

இனி அப்பா.

அப்பா பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் கிளீனர். விடியற்காலை ஓட்டுநர் வருவதற்குள் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, ஓட்டுநர் பக்கக் கதவு மூன்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவைப்பது அவர் வேலை. ஓட்டுநர் கை வைக்கிற இடத்தில் அழுக்கு இருக்கக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு கௌரவம். துடைத்து முடித்ததும் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். தட், தட். எடுக்கலாம் என்று பொருள்.

அம்மா போன பிறகு அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடி வைத்த இடம். பிறகு சாப்பிட்டோமா என்பது. பிறகு அம்மா போனது. எல்லாவற்றுக்கும் கடைசியில் நான். என் பெயர் போனது. நான் மகன் என்பதும் போனது. அக்கா வீட்டில் அவள் மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் அப்பா என்னோடுதான் இருந்தார். அவருக்குச் சமைத்தேன், துணி துவைத்தேன், நகம் வெட்டிவிட்டேன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. இதை அக்காவும் சொல்வாள்.

வண்டி வீட்டுக்கு வந்த மறு வாரம், காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் அப்பா தோள் துண்டால் ஓட்டுநர் பக்கக் கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா பண்றீங்க?"

"வண்டி ரெடி டிரைவரே. எடுக்கலாம்."

"நான் டிரைவர் இல்லப்பா. உங்க பையன்."

"எம் பையன் ஸ்கூலுக்குப் போயிருக்கான்" என்றார், கொஞ்சம் எரிச்சலாக. "நீங்க ஏறுங்க. லேட்டாச்சுன்னா டைம் கீப்பர் எம்மேல பாய்வான்."

வெயில் வந்ததும் பார்த்தேன். இடுப்பு உயரத்திலிருந்து கைப்பிடி வரைக்கும் வட்டங்கள். கூன் விழுந்த ஒரு ஆளின் கை எட்டுகிற உயரம்.

கோபப்படவில்லை. யோசித்தேன். துண்டுகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பனியனைக் கழற்றித் துடைத்தார். பனியனை எடுத்தேன், தலையணை உறையால் துடைத்தார். வண்டிக்கு உறை போட்டேன். உறையை உரித்துப் போட்டுவிட்டுத் துடைத்தார்; உறைக்குள் சிக்கிய மண்ணும் சேர்ந்து அரைத்தது. கடைசியில், நல்ல மெத்துத் துணியும் ஒரு வாளித் தண்ணீரும் அவர் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். துணியைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"ஈரத்துணியில தொடச்சா கோடு விழும் டிரைவரே. புது ஆளா நீங்க?"

அக்கா ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வருவாள். மருந்துக்கடையில் வேலை. வேலைக்குப் போவதற்கு முன் அப்பாவைக் குளிப்பாட்டி முகம் மழித்துவிட்டுப் போவாள். அவளைப் பார்த்ததும் அப்பா சத்தம் போடுவார்.

"ஏம்மா, படியில நிக்காத. உள்ள போ, உள்ள போ. நடுவுல எடம் கெடக்குது பாரு."

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவேன் அண்ணே. நீங்க குளிச்சிட்டு வாங்க, வண்டி அதுவரைக்கும் நிக்கும்" என்பாள் அக்கா. அவர் சமர்த்தாகப் பின்னாலேயே போவார்.

எனக்கு அப்படிப் பேச வராது. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வது பொய். அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. அதாவது, அதுவரைக்கும் சொன்னதில்லை.

வட்டங்களை அக்காவுக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது."

"சாய்ச்சுப் பாருக்கா. வெளிச்சத்துக்கு எதிரா."

"டேய், அவருக்குத்தான் புத்தி கழண்டு போச்சு. உனக்கு என்ன வந்துச்சு? வெறும் தகரம்டா அது."

"ரெண்டு வருஷம்க்கா."

"அப்ப அதையே கட்டிக்க. நானும் நாத்தனார்னு வந்து ரெண்டு அதட்டு அதட்டிட்டுப் போறேன்."

அவளே சொல்லி அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். குளியலறையிலிருந்து அப்பாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

அடுத்த வாரம் அப்பாவின் அறைக் கதவில் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டு வரைதான். கதவில் வட்டம் விழாமல் நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் ஞாயிறு. அக்கா சீக்கிரம் வந்துவிட்டாள். அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் தரையில், தன் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, காபி கொடுத்துவிட்டு, சமையலறைக் கத்தியால் திருகாணிகளைக் கழற்றித் தாழ்ப்பாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவை இந்த வீட்டுல எந்தக் கதவுக்காவது வெளிய தாழ்ப்பாள் பாத்தேன்னா, அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன். மாமியார் கூடவே ஒரு கட்டில் போட்டுக்கறேன். அதுக்கப்புறம் உனக்கு அக்காவும் கெடையாது."

அவள் சொன்னதைச் செய்கிறவள்.

அந்த வாரம் முதலாளியைக் கெஞ்சி வர்ணத் தடிமன் அளக்கும் கருவியோடு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வண்டி முழுக்க வைத்துப் பார்த்தார். மற்ற இடங்களில் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து மைக்ரான். ஓட்டுநர் பக்கக் கதவில் எழுபத்தெட்டு. அப்பாவின் வட்டங்களை எடுக்க நான் போட்ட பாலிஷ் அவ்வளவையும் தின்றிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவ தாங்கும். அதுக்கு மேல கைய வச்சே, உள்ள இருக்கறது பல்லக் காட்டிரும். அந்த ஒரு தடவய போட்டுட்டு அன்னிக்கே கண்ணாடிப் பூச்சையும் முடிச்சிரு. பூசின அன்னிக்கு மட்டும் ஒரு விரல் படக்கூடாது. பட்டா அது அப்படியே இறுகிரும். பாத்துக்க" என்றார்.

ஒரு நாள். ஒரு பகல். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. யாருடைய உயிரையும் நான் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் கேட்டேன்.

அன்று நடந்ததாக எல்லோரிடமும் நான் சொன்னது இது: அக்கா பத்து மணிக்குப் போனாள். நான் முன்வாசலில் வண்டி வேலையில் இருந்தேன். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் தகரக் கொட்டகைக்குத் தானாகப் போயிருக்கிறார். கதவு காற்றில் சாத்திக்கொண்டு இறுகியிருக்கிறது. நாலு மணிக்கு நான் தேடிப்போனபோது உள்ளே கிடந்தார். கோடை. தகரம். எழுபத்து நாலு வயது. மருத்துவர் கேள்வியே கேட்காமல் எழுதிக்கொடுத்தார். என் தோளில் தட்டி, "மறதி நோய்ல இதெல்லாம் சகஜம் தம்பி, உங்களக் குத்தம் சொல்லிக்காதீங்க" என்றார். நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மணி வாக்கில் தையற்காரம்மா தெருவைத் தாண்டி வந்து கேட்டார்.

"என்ன தம்பி, கொட்டகையில தட்டற சத்தம் கேக்குது?"

"தகரம்க்கா. வெயிலுக்கு விரியும்போது அப்படித்தான் சத்தம் வரும்."

அது பொய்யில்லை. தகரம் வெயிலில் விரியும், அப்போது தட்டுகிற மாதிரிச் சத்தம் வரத்தான் செய்யும். எந்த நேரத்தில் எது தகரம் என்பதை நான் பிரித்துக் கேட்கவில்லை. பூச்சைத் தடவிய இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த துணியால் சமன் செய்துவிட வேண்டும்; தாமதித்தால் திட்டுத் திட்டாக நின்றுவிடும். காதை வேறு பக்கம் கொடுக்க முடியாத வேலை.

"நல்லா மின்னுது தம்பி" என்றார் அந்த அம்மா, போகும்போது. "கை வைக்கவே பயமா இருக்கு."

"கை வைக்காதீங்கக்கா" என்றேன்.

நாலு பத்துக்குக் கொட்டகைக்குப் போனேன். அப்பா சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, வாய் திறந்து உட்கார்ந்திருந்தார். கையில் துணி. தோல் சுட்டது, ஆனால் வியர்வை இல்லை. மூச்சு இருந்தது. அவரை வீட்டுக்குள் தூக்கி வந்து பாயில் கிடத்தினேன். முதலில் கையைக் கழுவினேன், பூச்சு ஒட்டியிருந்ததால். பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன். அது வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி, வண்டியில் போனால் ஏழு நிமிடம்.

"வாசல்ல கார் நின்னுச்சே. ஏண்டா எடுக்கல?" என்று அக்கா ஆஸ்பத்திரி நடையில் கேட்டாள்.

"ஆம்புலன்ஸ்ல ஆக்சிஜன் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். பதில் நியாயமானதுதான். அதன் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. காரணமும் சொல்லவில்லை.

அப்பா அன்று மாலை ஆறு மணிக்குப் போனார். பூச்சு நன்றாக இறுகியிருந்தது.

பதினோராம் நாள் காலையில் முதல் வட்டம் தெரிந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். படுக்கையில் கிடந்தபோது சத்தம் கேட்டது. தட், தட். எழுந்துபோய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. தெருவில் பால்காரர்கூட வரவில்லை. வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தேன். ஓட்டுநர் பக்கக் கதவில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரே ஒரு வட்டம். உள்ளங்கை அகலம். மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் எண்ணவில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். காற்றில் ஈரம் இருந்திருக்கலாம். முதலாளியைக் கூட்டிவந்தேன். அவர் கடை விளக்கைக் கொண்டுவந்து, எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"எங்கடா?"

"இங்க பாருங்க. இந்தா, இந்தா."

"ஒண்ணுமே இல்லடா. கண்ணாடி மாதிரி கெடக்கு." விளக்கை அணைத்தார். "நீ மொதல்ல நல்லாத் தூங்கு. ஒரு வாரம் கடைக்கு வராத. இந்த வண்டி பக்கமும் போகாத."

அவருக்கு வயது அறுபது. கண் பார்வை குறைந்திருக்கும். 

பிறகு காலை தோறும் அந்த இரண்டு தட்டு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் நடக்காது. கண் ஒருமுறை அயரும். தட், தட். விழித்தால் வட்டம். கதவில் என் முகம் தெரியும். முகத்துக்கு மேலே வட்டம் வட்டமாக வலை. அதற்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஒரு தடவைதான் தாங்கும் என்று முதலாளி சொன்னது எனக்கு மறக்கவில்லை. அந்த ஒரு தடவையை அன்றைக்கே போட்டாயிற்று. ஆனாலும் வட்டங்களோடு அதை விட்டுவைக்க முடியவில்லை. மெஷினை எடுத்தேன். மிக மெதுவாக, மெல்லிய பாலிஷ் வைத்துத்தான் ஓட்டினேன். முதலில் கண்ணாடிப் பூச்சு போயிற்று. வட்டம் போகவில்லை. வார்னிஷ் போயிற்று. மெஷின் துணியில் கறுப்பு ஒட்டத் தொடங்கியது. வர்ணத்தில் கை வைத்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். கடையில் எந்தப் பையனும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவான். எனக்கும் தெரியும். நிறுத்தவில்லை. கறுப்பு விலகிச் சாம்பல் நிறம் வந்தது. சாம்பல் விலகி இரும்பு வந்தது. இரும்பிலும் வட்டங்கள் இருந்தன.

வண்டியை அப்பா கெடுத்துவிட்டார், ஐயா. இறந்தும் கெடுத்துவிட்டார்.

நான் இங்கே வந்தது குற்ற உணர்ச்சியால் இல்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை, யாரும் தேடவில்லை. நேற்று காலை தட்டும் சத்தம் இடப் பக்கத்திலிருந்தும் கேட்டது. அந்தப் பக்கம் இன்னும் நூற்றுப் பத்து இருக்கிறது. நீங்கள் இந்த வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டால் வண்டியையும் எடுத்துவைப்பீர்கள் அல்லவா? கூரை உள்ள இடத்தில் நிறுத்துங்கள். மரத்தடி வேண்டாம். காவலர்கள் யாரும் தூசி தட்டுகிறேன் என்று உலர்ந்த துணியை எடுக்கக் கூடாது. ஆள் ஒருவரைப் பக்கத்தில் போட்டால் நல்லது. தெரியாத ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வர அப்பா கூச்சப்படுவார்.

இனி, விட்டுப்போனதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டது அதைத்தான்.

அந்தத் தகரக் கொட்டகையை நான் வண்டிக்காகத்தான் கட்டினேன். பூச்சு வேலைக்குத் தூசி வராத மூடிய அறை வேண்டும் என்பதால் சந்து பொந்து எல்லாம் அடைத்து, ஜன்னல் வைக்காமல் கட்டினேன். வேலைக்கு முந்தைய நாள், பகல் இரண்டு மணிக்கு, உள்ளே சூடு எவ்வளவு என்று அளந்து பார்த்தேன். எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி இருக்கும். குறிபார்த்து அழுத்தினால் பரப்பின் சூட்டைச் சொல்லும். கூரை அறுபத்து மூன்று டிகிரி. சுவர் ஐம்பத்தாறு. நாற்பதுக்கு மேல் போனாலே பூச்சு கெட்டுவிடும். குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்: 'கொட்டகை வண்டிக்கு ஆகாது.' அதனால்தான் வண்டி முன்வாசல் நிழலுக்கு வந்தது. அந்தக் குறிப்பேடு என் அலமாரியில் இருக்கிறது. தேதியும் போட்டிருக்கிறேன்.

ஆகவே, உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் அது பொய்.

அன்று பத்து மணிக்கு அக்கா போனாள். பத்தே காலுக்கு நான் கதவுக்குக் கடைசிப் பாலிஷை ஆரம்பிக்க மெஷினை எடுத்தபோது, அப்பா எழுந்து வந்தார். குளித்து, மழித்து, தலைவாரிப் பளிச்சென்று இருந்தார். கையில் தலையணை உறை. நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தேன். எழுந்தார். மறுபடி உட்காரவைத்தேன். மறுபடி எழுந்தார். வீட்டுக்குள் எந்தக் கதவுக்கும் வெளியே தாழ்ப்பாள் இல்லை, அக்கா பார்த்துக்கொண்டாள். தையற்காரம்மாவிடம் விட்டுவரலாம் என்று தோன்றியது. அக்காவின் மருந்துக்கடைக்குப் போன் போட்டுக் கூப்பிட்டால் வந்திருப்பாள். பூச்சை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கலாம். எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தோன்றியது. எதுவும் தோன்றவில்லை என்று எழுதினால் உங்களுக்கு நான் சுலபமாகப் புரிந்துவிடுவேன்.

பழைய கார்ச் சந்தையிலிருந்து கழற்றிவந்த ஒரு கதவு என்னிடம் இருந்தது. வேறு ஏதோ வண்டியின் கறுப்புக் கதவு. பாலிஷ் பழக வைத்திருந்தேன். அதைக் கொட்டகைக்குள் கொண்டுபோய், சுவரில் சாய்த்து, இடுப்பு உயரத்துக்கு வருமாறு கீழே இரண்டு பெட்டிகள் கொடுத்தேன். பிறகு அப்பாவிடம் வந்தேன்.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் டிரைவர். என் வண்டி ஷெட்டுல நிக்குது. கொஞ்சம் தொடச்சுக் குடுங்கண்ணே."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"வாங்க டிரைவரே. இப்பதான் வர்றீங்களா? காலையிலேர்ந்து ஒரு பய நாற்காலியில உக்காரு உக்காருன்னு உயிர வாங்கறான்."

"அவன் கெடக்கான் விடுங்கண்ணே."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகை வரைக்கும் அப்படியே நடந்தோம். உள்ளே அப்போதே மூச்சு முட்டியது. அவர் கதவைப் பார்த்தார், குனிந்து உற்றுப் பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"யாரு இதக் கழுவினது? மண்ண வச்சுத் தேச்சிருக்கான். வட்டம் வட்டமா விழுந்து கெடக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேண்ணே."

"விடுங்க, நான் பாத்துக்கறேன். எத்தன மணிக்கு எடுக்கணும்?"

"சாயந்தரம்."

"கொஞ்சம் தண்ணி மட்டும் வச்சிட்டுப் போங்க. இங்க வெக்கையா இருக்கு."

"கொண்டாறேண்ணே" என்றேன். கொண்டுவரவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை. தண்ணீர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும் என்பார். திறக்க வேண்டிவரும். அப்போது என் கையில் பூச்சு இருக்கும்.

அவர் துணியை நாலாக மடித்தார். வேலையை ஆரம்பித்துவிட்டார், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். காற்று சாத்தவில்லை. கதவு தானாக இறுகவும் இல்லை. கொண்டியை மாட்டி, பூட்டைப் போட்டு, அது பிடித்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.